மும்பையில் கணிப்பொறித் தலைமுறைகளும் செயற்கை நுண்ணறிவின் எழுச்சியும்: கொலாபா முதல் சான்பாடா வரை

முன்னுரை

கணிப்பொறியின் வரலாற்றை ஐந்து தலைமுறைகளாகப் பகுத்துக் கூறுவது தமிழில் வெளிவந்துள்ள பாடநூல்களிலும் அறிமுக நூல்களிலும் நிலைபெற்றுவிட்ட மரபாகும். வெற்றிடக் குழல்களால் ஆனது முதல் தலைமுறை. டிரான்சிஸ்டர் எனப்படும் திரிதடையங்களால் ஆனது இரண்டாம் தலைமுறை. ஒருங்கிணைந்த மின்சுற்றுகளால் ஆனது மூன்றாம் தலைமுறை. நுண்செயலியால் ஆனது நான்காம் தலைமுறை. செயற்கை நுண்ணறிவு ஐந்தாம் தலைமுறை. இப்பகுப்பில் முதல் நான்கும் கருவியின் உறுப்பால் பெயர் பெறுகின்றன. ஐந்தாவது மட்டும் கருவி ஆற்ற வேண்டிய செயலால் பெயர் பெறுகிறது. பகுப்பின் அளவுகோல் இடையில் மாறிவிடும் இம்முரண் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. உறுப்புகள் படிப்படியாகச் சிறுத்து விரைவு மிகுந்ததன் இயல்பான விளைவே அறிவுடைய பொறி என்னும் எண்ணத்தை இப்பகுப்பு கற்போர் மனத்தில் பதித்துவிடுகிறது.

இக்கட்டுரை மேற்கண்ட முரணை மும்பை நகரின் சான்றுகளைக் கொண்டு ஆராய்கிறது. இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் பொதுநோக்க மின்னணுக் கணிப்பொறிகளுள் ஒன்று எழுந்ததும், செயற்கை நுண்ணறிவு ஆய்வு இந்தியாவில் முதன்முதலாக வேரூன்றியதும் இந்நகரில்தான். இன்று அந்நுண்ணறிவுக்கு அடித்தளமான தரவு மையங்கள் செறிந்திருப்பதும் இதன் கீழ்க்கரையில், சான்பாடாவைச் சூழ்ந்த நவிமும்பைப் பகுதியில்தான். இவ்வறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் தமிழ்மொழிக்கும் ஓரிடம் உண்டு. தமிழாய்வுலகில் போதிய அளவு பேசப்படாத அவ்விடத்தைச் சுட்டுவதும், அது இன்று உணர்த்தும் கடமையை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டிஃப்ராக்: தலைமுறைப் பகுப்புக்குள் அடங்காத பொறி

ஓமி பாபாவால் 1945-இல் நிறுவப்பட்ட டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் 1950-களின் நடுப்பகுதியில் மின்னணுக் கணிப்பொறி ஒன்றைத் தானே வடிவமைக்க முற்பட்டது. அப்பணிக்குத் தலைமை ஏற்றவர் ஆர். நரசிம்மன். 1926-இல் சென்னையில் பிறந்த இவர், கிண்டி பொறியியற் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்று, பின்னர் அமெரிக்காவில் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலும் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதமும் கற்றவர். 1954-இல் இவர் மும்பை வந்து சேர்ந்தார். முன்னோட்டப் பொறி 1956-இல் இயங்கியது. முழு அளவிலான பொறி 1960-இல் செயற்பாட்டுக்கு வந்தது. 1962 சனவரியில் கொலாபாவில் கழகத்தின் புதிய கட்டடங்களைத் திறந்து வைத்த பண்டித நேரு, அப்பொறிக்கு 'டிஃப்ராக்' எனப் பெயரிட்டார்.

டிஃப்ராக் ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்களையும் 1,700 செர்மானிய டையோடுகளையும் 12,500 மின்தடைகளையும் கொண்டிருந்தது. அதன் முதன்மைப் பகுதி 18 அடி நீளமும் 8 அடி உயரமும் உடைய எஃகுச் சட்டத்தில் அமைந்திருந்தது. ஒவ்வொன்றும் 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்களை அதன் நினைவகம் தாங்கியது. இங்குச் 'சொல்' என்பது பொறி ஒரே முறையில் கையாளும் எண்தொகுதியைக் குறிக்கும் கலைச்சொல்லாகும்.

தலைமுறைப் பகுப்பின்படி டிஃப்ராக் முதல் தலைமுறையைச் சார்ந்தது. ஆயினும் அது செயற்பாட்டுக்கு வந்த காலத்தில் மேலைநாடுகளில் திரிதடையப் பொறிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. எனவே காலத்தால் அது பிந்தியது. ஆனால் அதன் நினைவகம் ஃபெரைட் வளையங்களால் ஆனது. அக்காலத்தில் அது புதிய நுட்பமாகும். எதிர்மின்கதிர்க் குழாயின் திரையில் விடைகளைக் காட்டும் அமைப்பும் அதனுடன் இணைந்திருந்தது. ஒரே பொறியில் பழைய உறுப்பும் புதிய உறுப்பும் கலந்திருந்த நிலையைத் தலைமுறை அட்டவணையால் விளக்க இயலாது. அயல்நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தவை இங்கு ஒரே காலத்தில் அருகருகே நிகழ்ந்தன என்பதே உண்மை.

இதே நகரில் 1961-இல் எசோ எண்ணெய் நிறுவனம் ஐபிஎம் 1401 என்னும் திரிதடையப் பொறியை வணிகக் கணக்குகளுக்காக நிறுவியது. 1964-இல் டாட்டா ஆராய்ச்சிக் கழகமே சிடிசி 3600 என்னும் பெரும்பொறியைத் தருவித்தது. நாட்டின் பல பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் சார்ந்தோர் அதனைப் பயன்படுத்தினர். நான்கே ஆண்டுகளில் டிஃப்ராக் ஓய்வு நிலையை எய்தியது. டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் வடிவமைத்த டிடிசி-12 என்னும் சிறு கணிப்பொறி 1969-இல் வெளிவந்தது. அதனை ஐதராபாத்தில் உள்ள இந்திய மின்னணுக் கழகம் உற்பத்தி செய்தது.

1971-இல் வெளியான இன்டெல் 4004 என்னும் முதல் வணிக நுண்செயலி 2,300 திரிதடையங்களைக் கொண்டது. டிஃப்ராக்கின் வெற்றிடக் குழல்களின் எண்ணிக்கையினும் இது சற்றுக் குறைவு. பதினெட்டு அடி நீளச் சட்டத்தில் நின்ற உறுப்புகளின் தொகை பதினொரே ஆண்டுகளில் விரல்நுனி அளவுச் சில்லில் அடங்கிவிட்டது. கருவியின் வரலாற்றைத் தலைமுறைகளால் அளப்பது எத்துணைப் பொருத்தமானது என்பதற்கு இது சான்று. ஆனால் அறிவின் வரலாறு இவ்வழியில் செல்லவில்லை.

உருவங்களுக்கு இலக்கணம்

எந்திரம் சிந்திக்குமா என்னும் வினாவை ஆலன் டூரிங் 1950-இல் எழுப்பினார். 'செயற்கை நுண்ணறிவு' என்னும் பெயர் 1956-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கூடிய ஆய்வரங்கை ஒட்டி நிலைபெற்றது. அவ்வாண்டில்தான் மும்பையில் முன்னோட்டப் பொறி இயங்கத் தொடங்கியது. ஆகவே வெற்றிடக் குழல்களின் காலத்திலேயே செயற்கை நுண்ணறிவு பெயரும் வினாவும் பெற்றுவிட்டது. ஐந்தாம் தலைமுறை எனச் சொல்லப்படுவது உண்மையில் முதல் தலைமுறையின் உடன்பிறப்பாகும்.

டிஃப்ராக் பணி நிறைவுற்ற பின்னர் நரசிம்மன் 1961 முதல் 1964 வரை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி ஆய்வகத்தில் பணியாற்றினார். அங்குக் குமிழிக்கலத்தில் துகள்கள் விட்டுச்செல்லும் தடங்களின் நிழற்படங்களைப் பொறியே ஆராய்வதற்கான இல்லியாக்-3 என்னும் திட்டம் நடைபெற்றது. நிழற்படங்கள் பல்லாயிரக்கணக்கில் குவிந்தமையால் மனிதக் கண்களால் அவற்றை ஆராய்ந்து முடிப்பது அரிதாயிற்று.

இச்சிக்கலுக்கு நரசிம்மன் முன்வைத்த தீர்வு மொழியியலாளர் கருதத்தக்கது. ஓர் உருவத்தைப் புள்ளிகளின் குவியலாகக் கொள்ளாமல், உறுப்புகளும் அவை புணரும் முறைகளும் கொண்ட தொடராக அவர் கொண்டார். கோடுகள் அடிப்படை அலகுகள். அவை கூடும் இடங்கள் புணர்ச்சிகள். எவை எவற்றோடு எவ்வாறு கூடும் என்பது விதி. உருவத்தை அறிவதாவது அதன் இலக்கணத்தைக் கண்டு விவரிப்பதாகும் என்பது அவர் கொள்கை. 1960-களில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் தொடரமைப்பு வழி உருவமறிதல் என்னும் துறைக்கு அடிகோலின. கையால் எழுதிய ஆங்கில எழுத்துகளை அறியும் முறைக்கும் இக்கொள்கை பின்னர்ப் பயன்படுத்தப்பட்டது.

இதனைத் தொல்காப்பிய மரபோடு நேராக முடிச்சிடுவது பொருந்தாது. அவ்வாறு கூறுவதற்குச் சான்றில்லை. எனினும் அலகு, புணர்ச்சி, விதி என்னும் மூன்றால் ஒரு பெருந்தொகுதியை விளக்கும் நெறி இலக்கணம் பயின்றோர்க்குப் புதியதன்று. செயற்கை நுண்ணறிவு இந்தியாவில் மின்னணு உறுப்புகளின் முதிர்ச்சியால் தோன்றவில்லை; இலக்கணம் என்னும் கருத்தாக்கத்தின் வழியே தோன்றியது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

ஐந்தாம் தலைமுறைத் திட்டம்

'ஐந்தாம் தலைமுறை' என்னும் தொடர் உலகெங்கும் பரவியதற்குக் காரணம் சப்பான் அரசு 1982-இல் தொடங்கிய திட்டமாகும். தருக்க விதிகளைக் கொண்டு முடிவுகளை வருவிக்கும் பொறிகளைப் பத்தாண்டுகளில் ஆக்குவது அதன் இலக்கு. அத்திட்டத்தின் அதிர்வு இந்தியாவையும் எட்டியது. 1980-களின் நடுப்பகுதியில் மைய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் அறிவுசார் கணிப்பொறி அமைப்புகள் என்னும் திட்டத்தை வகுத்தது. பெங்களூர், சென்னை, கொல்கத்தா ஆகிய நகரங்களின் நிறுவனங்களுடன் மும்பையின் இரு நிறுவனங்களும் இதில் பங்கேற்றன. பேச்சொலி ஆய்வு டாட்டா ஆராய்ச்சிக் கழகத்திற்கு உரியதாயிற்று. மற்றொரு நிறுவனம், அக்கழகத்தின் கணிப்பணிப் பிரிவிலிருந்து கிளைத்து 1985-இல் ஜுஹுவில் தனி அமைப்பான தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம். நரசிம்மனோடு பணியாற்றிய சீனிவாசன் இரமணி இம்மையத்தின் இயக்குநராக இருந்தார். 1989 திசம்பரில் இத்திட்டத்தின் பன்னாட்டு மாநாடு மும்பையில் கூடியது.

சப்பானியத் திட்டம் எதிர்பார்த்த பயனை நல்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அது முடிவுற்றபோது, தனிப்பயன் பொறிகளினும் சந்தையில் கிடைத்த பொதுக் கணிப்பொறிகளே மலிவும் விரைவும் உடையனவாக இருந்தன. வல்லுநர்களின் அறிவை விதிகளாக எழுதிப் பொறியில் ஏற்றும் முறையும் ஓர் எல்லைக்கு மேல் வளரவில்லை. உலகியல் அறிவு எல்லையற்றது. விதிகள் பெருகப் பெருக ஒன்றோடொன்று முரணின. ஆகவே ஐந்தாம் தலைமுறை என்று பெயரிட்டு வந்தது, நான்காம் தலைமுறையின் நுண்செயலியிடமே தோல்வியுற்றது எனலாம். பாடநூல்கள் இம்முடிவைக் கூறாமல் அத்தொடரை மட்டும் இன்றளவும் காத்து வருகின்றன.

தமிழ்க் குழந்தையின் பேச்சு

மும்பை ஆய்வின் மற்றொரு கிளை தமிழாய்வாளர்க்கு மிகவும் நெருக்கமானது. உருவங்களின் இலக்கணத்திலிருந்து நரசிம்மன் படிப்படியாக மொழிநடத்தை ஆய்வுக்குச் சென்றார். மொழிநடத்தைக்கு மாதிரி அமைத்தல் குறித்த அவரது ஆங்கில நூல் 1981-இல் வெளிவந்தது. மொழியை வெறும் விதித் தொகுதியாகக் கருதாமல், மனிதர் சூழலில் ஒருவரோடொருவர் ஊடாடும்போது நிகழும் நடத்தையாகக் கருத வேண்டும் என்பது அவர் வந்தடைந்த நிலைப்பாடு. பிறவியிலேயே இலக்கணம் அமைந்துள்ளது என்னும் சாம்ஸ்கியின் கொள்கையினின்று இது வேறுபட்டது. பொறிக்கு மொழியறிவு ஊட்ட வேண்டுமாயின், குழந்தை மொழியை எவ்வாறு பெறுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும் என்பது இதன் உட்கிடை.

இந்நோக்கில் நரசிம்மனும் அவருடன் பணியாற்றிய ஆர். வைத்தியநாதனும் ஒரு குழந்தைக்கும் அதனைச் சூழ்ந்த பெரியோர்க்கும் இடையே நிகழ்ந்த உரையாடல்களைத் தொடர்ந்து பதிவுசெய்து எழுத்தில் பெயர்த்தனர். அக்குழந்தையின் தாய்மொழி தமிழ். ஒன்பதாம் மாதம் முதல் முப்பத்து மூன்றாம் மாதம் வரையிலான பேச்சு இத்தொகுப்பில் அடங்கும். குழந்தைமொழி ஆய்வுக்கான பன்னாட்டுத் தரவகமான சைல்ட்ஸில் தமிழுக்குரிய தொகுப்பாக இது இடம்பெற்றுள்ளது. தமிழ்க் குழந்தைகளின் வினா வடிவங்களைப் பற்றி 1988-லும் எதிர்மறை வடிவங்களைப் பற்றி 1991-லும் வைத்தியநாதன் எழுதிய கட்டுரைகள் குழந்தைமொழிக்கான பன்னாட்டு ஆய்விதழில் வெளிவந்தன.

எதிர்மறையை ஆய்வுப் பொருளாகக் கொண்டதன் தகுதியைத் தமிழறிஞர் எளிதில் உணர்வர். ஆங்கிலக் குழந்தை ஒரே சொல்லால் நிறைவேற்றிக்கொள்ளும் பல செயல்களைத் தமிழ்க் குழந்தை வெவ்வேறு சொற்களால் நிறைவேற்ற வேண்டும். பொருளின் இன்மைக்கு 'இல்லை', விருப்பின்மைக்கு 'வேண்டாம்', தன் மறுப்புக்கு 'மாட்டேன்', விலக்குக்குக் 'கூடாது'. இவை வெறும் இலக்கண வேறுபாடுகள் அல்ல. பால் தீர்ந்துவிட்டது என்பதையும் பால் தேவையில்லை என்பதையும் வேறுபடுத்தும் சூழலறிவு இவற்றில் பொதிந்துள்ளது. இவ்வேறுபாட்டைக் குழந்தை அகராதியிலிருந்து கற்பதில்லை. ஊட்டுபவரோடு நிகழும் ஊடாட்டத்தில் கற்கிறது.

செயற்கை நுண்ணறிவு ஆய்வு இந்தியாவில் தோன்றி வளர்ந்த இல்லத்திலேயே தமிழ் வழக்குமொழி முதன்மைத் தரவாகப் பயன்பட்டது என்பது இதனால் பெறப்படும். மொழிகள் செயற்கை நுண்ணறிவுக்குப் பின்னர் வந்து சேர்ந்த பயனாளிகள் என்னும் கருத்து திருத்தத்திற்கு உரியது. நரசிம்மன் தம் இறுதிக்காலம் வரை இவ்வினாவைக் கைவிடவில்லை. செயற்கை நுண்ணறிவையும் உயிர்களின் செயல்நடத்தையையும் பற்றிய அவர் நூல் 2004-இல் வெளிவந்தது. 2007-இல் அவர் மறைந்தார்.

கழிமுகத்தின் கீழ்க்கரை

மும்பைக்கு மாற்று நகராக நவிமும்பையை உருவாக்கும் பொறுப்பு 1970-இல் அமைக்கப்பட்ட சிட்கோ நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1992-இல் மான்குர்தையும் வாசியையும் இணைத்துத் தாணே கழிமுகத்தைக் கடக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் காலப்போக்கில் வாசி, சான்பாடா, நேருல் முதலிய இடங்களில் குடியேறின.

சான்பாடா இருப்புப்பாதைகள் கூடும் இடமாகும். வடக்கே துர்பே, ரபாலே, ஐரோலி வழியாகத் தாணேக்குச் செல்லும் பாதையை ஒட்டி மகாராட்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பகுதி நீள்கிறது. முன்பு வேதியியல் ஆலைகள் நிறைந்திருந்த அப்பகுதியில், மகாபே, ரபாலே, ஐரோலி ஆகிய இடங்களில் இன்று தரவு மையங்கள் எழுந்துள்ளன. கடலடிக் கம்பிகள் மும்பையில் கரையேறுவதும், தொழிற்பகுதிக்கு உரிய நிலமும் மின்வசதியும் கிடைப்பதும் இதற்குக் காரணங்களாகும். தெற்கே செல்லும் பாதையில் உள்ள கார்கரில் உயர்நிலைக் கணிப்பணி மேம்பாட்டு மையமான சி-டாக்கின் வளாகம் உள்ளது. ஜுஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் 2000-களின் தொடக்கத்தில் சி-டாக்குடன் இணைந்தது. ஆகவே டிஃப்ராக்கிலிருந்து கிளைத்த ஆய்வு மரபு ஒருபுறமும், உலகளாவிய கருவிப் பெருக்கம் மறுபுறமுமாக அமைந்த நிலப்பரப்பின் நடுவே சான்பாடா நிற்கிறது.

வழக்கும் எழுத்தும்

2012-க்குப் பின்னர்ச் செயற்கை நுண்ணறிவின் போக்கு மாறியது. விதிகளை எழுதி ஏற்றும் முறை பின்தங்க, பெருந்தரவிலிருந்து பொறியே ஒழுங்குகளைக் கண்டுகொள்ளும் நரம்புவலை முறை முன்னேறியது. 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'டிரான்ஸ்ஃபார்மர்' என்னும் கட்டமைப்பு இன்றைய மொழிமாதிரிகளுக்கு அடிப்படையாயிற்று. 2020-இல் வெளியான ஜிபிடி-3 என்னும் மாதிரி 17,500 கோடி மதிப்புருக்களைக் கொண்டது. ஏறத்தாழ 30,000 கோடிச் சொற்கூறுகளைக் கொண்டு பயிற்றப்பட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் இத்துறை மக்கள் வழக்கில் கலந்துவிட்டது.

ஒரு குழந்தை மூன்று வயதுக்குள் கேட்கும் சொற்கள் சில கோடிக்கு மேற்படா. அவ்வளவிலேயே அது 'இல்லை'க்கும் 'வேண்டாம்'க்கும் உள்ள வேறுபாட்டைப் பிழையின்றிக் கையாளுகிறது. பொறிக்குப் பல ஆயிரம் மடங்கு தரவு தேவைப்படுகிறது. ஆகவே நரசிம்மன் எழுப்பிய வினா தீர்ந்துவிடவில்லை. பொறியின் அண்மைக்கால வெற்றி அவ்வினாவைத் தீர்க்காமலே கடந்து சென்ற வெற்றியாகும்.

தமிழைப் பொறுத்தவரை இதில் இருவகை இடர்கள் உள்ளன. முதலாவது எழுத்தைச் சார்ந்தது. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும்; தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். 'மொழி' என்னும் ஈரெழுத்துச் சொல் நான்கு குறியீடுகளாகப் பிரிந்து 12 பைட்டுகளாகிறது. தமிழுக்கென வகுக்கப்படாத சொற்பகுப்பு முறைகளில் இதனால் ஒரு தமிழ்ச் சொல் பல துண்டுகளாகச் சிதறுகிறது. இது கருவியாளர் தீர்க்கக்கூடிய இடரே, தீர்க்கப்பட்டும் வருகிறது.

இரண்டாவது இடர் தரவின் இயல்பைச் சார்ந்தது. மொழிமாதிரிகள் பெரிதும் எழுதப்பட்ட உரையைக் கொண்டே பயிற்றப்படுகின்றன. தமிழோ பேச்சும் எழுத்தும் வேறுபட்ட இரட்டை வழக்கு மொழி. வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையும் ஒருசேர முதலாகக் கொண்டு மொழியை ஆராய வேண்டும் என்பது தொல்காப்பியப் பாயிரம் காட்டும் நெறி. இன்றைய பொறி இவற்றுள் ஒன்றை மட்டுமே மிகுதியாகப் பெறுகிறது. செய்தித்தாள் தமிழையும் மொழிபெயர்ப்புத் தமிழையும் உண்டு வளரும் மாதிரி, வீட்டிலும் தெருவிலும் வழங்கும் தமிழை அறியாமல் போவது வியப்பன்று. தாராவியில் தலைமுறைகளாக வாழும் நெல்லைப் பகுதித் தமிழரின் பேச்சு, மராத்தியும் இந்தியும் விரவிய செம்பூர், மாட்டுங்காத் தமிழ் ஆகியவை எழுத்தில் ஏறுவதே அரிது. எழுத்தில் ஏறாதது தரவு மையத்திலும் ஏறாது.

இக்குறையைப் போக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. மைய அரசின் பாஷிணித் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏஐ4பாரத் ஆய்வகம் தமிழ் உள்ளிட்ட 22 அட்டவணை மொழிகளின் இயல்பான பேச்சைப் பதிவுசெய்து வருகிறது. ஆயினும் எப்பேச்சு, எவ்வூர், எச்சூழல், யாரிடம் யார் பேசியது என்னும் குறிப்புகளோடு வழக்கைத் தொகுப்பதற்குக் கிளைமொழி ஆய்விலும் நாட்டார் வழக்காற்றியலிலும் பயிற்சி பெற்ற தமிழ்த்துறையினரே தகுதியுடையோர். ஆராய்ச்சிப் பட்டங்களுக்காகப் பல பத்தாண்டுகளாக அவர்கள் திரட்டிய ஒலிநாடாக்கள் துறைகளிலும் இல்லங்களிலும் முடங்கிக் கிடக்கின்றன. காந்த நாடாவின் ஆயுள் குறுகியது. அவற்றை எண்மமாக்கும் பணி இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப்போனால் அப்பேச்சுகள் மீளா. பேசியோரின் இசைவைப் பெற்று, அவர்தம் அடையாளங்களைக் காத்து இதனைச் செய்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. கணிப்பொறித் தலைமுறை என்னும் பகுப்பு கருவியின் வரலாற்றுக்கே பொருந்துவது. மும்பையின் சான்றுகளில் அதுவும் வரிசை பிறழ்ந்தே காணப்படுகிறது. செயற்கை நுண்ணறிவு ஐந்தாவதாக வந்த தலைமுறை அன்று. முதல் தலைமுறையோடு உடன்தோன்றி, இலக்கணம், மொழிநடத்தை ஆகியவற்றின் வழியே வளர்ந்த தனி ஆய்வுமரபு. அம்மரபின் இந்தியத் தொடக்கத்தில் ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சு தரவாக நின்றது.

டிஃப்ராக்கின் காலத்தில் வினா இருந்தது. அதனை ஆராய்தற்குரிய கருவி போதவில்லை. இன்று சான்பாடாவைச் சூழ்ந்து கருவி மிகுந்துள்ளது; அதில் இடத்தக்க தமிழ் வழக்குத் தரவு போதவில்லை. முதற்குறையைப் பொறியாளர் போக்கினர். இரண்டாம் குறையைப் போக்கும் பொறுப்பு தமிழ்த்துறைகளைச் சார்ந்தது.